எல்டனின் பாம்பும் வெர்னாவின் ரொட்டியும்

எல்டன் ட்வெட்டனைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், "நல்ல மனுஷன், வாயில்லாப்பூச்சி" என்பார்கள். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பவர், தனிக்கட்டை. வீட்டுக்கு யாரையும் கூப்பிட்டதில்லை. கஞ்சன் என்று ஒரு கட்சி, கிறுக்கு என்று இன்னொரு கட்சி. இந்த மினசோட்டாக் குளிரில் வம்பு பேசாமல் வேறு எப்படித்தான் பொழுதை ஓட்டுவது?

உண்மையான காரணம் அவர் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. கிளாரா என்கிற நாலடி மலைப்பாம்பு. முன்பு அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் விட்டுப் போனது. தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. வெளியே சொல்லவும் கூச்சம்.

போன குளிர்காலத்தில் பெட்டியைச் சூடாக வைக்கிற தகடு பழுதாகி, அதை அவர் கவனிப்பதற்குள் சில நாள் ஓடிவிட்டது. கிளாரா தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. மூக்கில் நுரை. பாவம், பாம்பால் நம்மைப் போல இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. நகரத்து மிருக வைத்தியர் ஊசி மேல் ஊசி போட்டுக் காப்பாற்றினார். "இன்னொரு தடவை குளிர் பிடிச்சா இது தாங்காது" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

இந்த வருஷம் பனிமழையில் கம்பிகள் அறுந்து ஊர் முழுக்க மின்சாரம் போனது. நடுப்பகலிலேயே எல்டனின் கூடத்தில் வாயைத் திறந்தால் புகை வந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கேஸ் அடுப்பு உண்டு. ஊரே அங்கேதான் கூடியிருந்தது. கிளாராவைத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, விருந்துக்குப் பண்டம் எடுத்துப் போகிற சூடு தாங்கும் பையில் வைத்து, அதைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நடந்தார்.

அந்தப் பையோடு எங்கள் தேவாலயத்துக்குள் நுழைந்தால் அது கையில் தங்காது, நேராகச் சமையலறைக்குத்தான் போகும். சமையலறை மகாராணி வெர்னா ஸ்கோக்மோ அதை வெடுக்கென்று வாங்கினார்.

"குடுங்க எல்டன், சூடு பண்ணி வைக்கிறேன். என்ன, உருளைக்கிழங்கா?"

எல்டன் பதறிக்கொண்டு பின்னால் ஓடுவதற்குள் வெர்னா ஜிப்பைத் திறந்துவிட்டார். உறை நெளிந்தது. மண்புழுவைக் கண்டாலே அலறுகிறவர், சத்தம்கூட வராமல் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"என்ன எழவுய்யா இது?"

"பாம்புங்க. ஒண்ணும் செய்யாது. குளிர்ல செத்துடும், வெர்னா." எல்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு வேற யாரும் இல்ல."

வெர்னா அவர் முகத்தையே பார்த்தார்.

"எவ்வளவு சூடு வேணும்?"

"வெயில்ல கிடந்த கல்லத் தொட்ட மாதிரி. இதமா."

"அட, மாவு பொங்குற சூடுதானே!"

கேஸ் அடுப்போடு சேர்ந்த ஓவனின் அடியில் எந்நேரமும் ஒரு பொட்டுச் சுடர் எரியும். அந்த வெதுவெதுப்பில்தான் ராத்திரிச் சாப்பாட்டுக்கான ரொட்டி மாவு பொங்கிக்கொண்டிருந்தது. வெர்னாவின் ரொட்டி என்றால் சும்மா இல்லை. அவர் இருக்கிற இடத்தில் வேறொருத்தி ரொட்டி சுட மாட்டாள். அந்த மாவை எடுத்துச் சில்லென்ற மேடையில் வைத்தார். எல்டன் உள்ளே கைவிட்டுப் பார்த்துத் தலையாட்டியதும் கிளாரா உறையோடு உள்ளே போனது. யாரும் பற்றவைத்துவிடக் கூடாதென்று ஓவனின் குமிழைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் வெர்னா.

குளிரில் மாவு பொங்காமல் படுத்துவிட்டது. சாயங்காலம் அதைத் தட்டி மேலடுப்பில் சட்டியில் சுட்டார். செருப்புத்தோல்தான், நானும் தின்றேன்.

"என்ன வெர்னா, கை போயிடுச்சா? வயசாச்சுன்னா ஒதுங்கிக்கலாமே!" என்றார் மளிகைக் கடை ஹார்லன். கூடம் சிரித்தது.

"ஈஸ்ட் பழசு" என்றார் வெர்னா. முகம் சிவந்து போயிற்று. எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் எல்டன் எழுந்தார். கூட்டத்தில் அவர் குரலை நாங்கள் கேட்டதே இல்லை.

"ஈஸ்ட் நல்லாத்தான் இருந்தது. மாவு இருந்த ஓவன்ல இப்ப என் பாம்பு இருக்கு. அதுக்குச் சீக்கு வரக்கூடாதுன்னு இவங்க மாவை வெளிய எடுத்தாங்க."

அடுத்த கணம் நாற்காலிகள் சாய, மொத்தக் கூட்டமும் பாம்பைப் பார்க்கச் சமையலறைக்குப் பாய்ந்தது. முன்னால் ஹார்லன்.

அதற்குள் ஓவன் கதவில் முதுகைச் சாய்த்து, கரண்டியை ஓங்கிக்கொண்டு நின்றார் வெர்னா.

"எவனாவது கதவத் தொறந்தீங்க, தெரியும் சேதி! சூடு போயிடும்!"