எரியாத பச்சை விளக்கு

மூளை அலைகளைப் பதியும் கருவியோடு நான் பைத்தான் மொழியில் எழுதிய கணினி நிரலை இணைத்திருந்தேன். திரையில் படம் வந்ததும் நிரல், அலைப் பதிவில் ஒரு குறி போடவேண்டும். ஒரு குறிகூட விழவில்லை.

பரிசோதனைக்கு உதவப் பெரியகல்லாற்றிலிருந்து வந்த மீன் வியாபாரி அக்கா, தலையெல்லாம் கருவியின் வயர்களை ஒட்டும் பசையோடு மூன்றாம் தடவையாக உட்கார்ந்திருந்தார்.

"ஆடாம இருக்கத் தெரியாதா?" என்று, அவர் அசைவதுதான் காரணமென நினைத்து அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

"தம்பி, படம் வரக்குள்ள இந்தப் பெட்டியில பச்சை லைட் எரியுமெண்டு சொன்னீங்க. காலையில இருந்து எரியல்லையே."

குறி கருவிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த விளக்கு எரியும். நிரலைத் திறந்தேன். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது, கருவிக்குக் குறி அனுப்பும் வரியை நானே நிறுத்திவைத்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்ல, மறுகா ஒருக்கா இருக்கிறன்" என்று நான்காம் தடவையாக உட்கார்ந்தார்.

அவர் திட்டியிருக்கலாம். படித்தவன் என்ற திமிரில் பேசிய, எனக்குள் இருந்த அந்த அற்பனை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.