கடற்பாசி சூப்

தொண்ணூற்றெட்டில் சன்னிவேலுக்குப் போனேன். டிபென்டென்ட் விசா, வேலை செய்யக் கூடாது. காரைக் கணவர் ஆபீசுக்கு எடுத்துப்போய்விடுவார். பகல் முழுக்க வீட்டில் சத்தம் போட்டது ஃப்ரிட்ஜ் மட்டும்தான். தனியாக இருக்கிறேன் என்று ஊருக்கு எழுத வெட்கம். அமெரிக்காவில் என்ன குறை என்பார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் கதவைத் தட்டியவர் பக்கத்து அபார்ட்மெண்ட் ஜப்பானியப் பெண் ஒருவர்தான். அவரும் பகலில் தனி. நான் மீன், கறி தொடமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அதன்பின் கடற்பாசி சூப் கொண்டுவருவார். நான் குடிக்கக் குடிக்கக் கதை சொல்வார். அவருடைய அப்பா கடலில் பாசி வளர்த்தவராம். அந்தக் காலத்தில் ஆழமில்லாத தண்ணீரில் மரக்கிளைகளை நட்டுவிட்டு, பாசி வந்து ஒட்டுமா என்று காத்திருப்பார்களாம். விதை எங்கிருந்து வருகிறதென்று யாருக்கும் தெரியாது. ஒரு வருடம் கொழிக்கும், மறு வருடம் ஒன்றும் இருக்காது. அதனால் அதற்கு சூதாடிப் புல் என்றே பெயராம். விதை சிப்பி ஓட்டுக்குள் வளர்கிறது என்று ரொம்பப் பிறகுதான் கண்டுபிடித்து, வலையில் விதைக்க ஆரம்பித்தார்களாம். எங்கள் இருவரின் அரைகுறை இங்கிலீஷில் இதைப் பேசி முடிக்க ஒரு மத்தியானம் ஆனது. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

கோயிலில் பழக்கமான ஆன்ட்டியிடம் போனில் இதைச் சொன்னேன். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது.

"அச்சச்சோ, அவங்க மீன் போடாம சூப் பண்ணவே மாட்டாங்கம்மா. காயவச்ச மீனைச் சீவிப் போடுவாங்க. ஆறு மாசமா குடிச்சிட்டு வெஜிடேரியன்னு வேற சொல்லிக்கிறியே."

ஆன்ட்டி சொன்னதை நம்பிவிட்டேன். சூப் கொண்டுவருபவரையே கேட்டிருக்கலாம். கேட்டால் வராமல் போய்விடுவாரோ என்று பயம். அதனால் சிரித்துக்கொண்டே வாங்கி, பிறகு குடிக்கிறேன் என்று சொல்லி, அவர் போனதும் சிங்க்கில் கொட்டினேன். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாதே, சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். பண்பாட்டுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஒரு நாள் குடையை மறந்துவிட்டு உடனே திரும்பி வந்தார். கதவு திறந்தே இருந்தது. நான் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"மீன் என்று நினைத்தாயா?" என்று அவரே கேட்டார். தலையாட்டினேன்.

"போடவில்லை. உனக்குத் தனியாகச் செய்கிறேன். எங்கள் கோயில் துறவிகள் சாப்பிடுகிற முறை. பாசியும் காளானும்தான்."

திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

மறுநாள் வாசலில் நின்றபடியே, பிரிக்காத பாசிப் பாக்கெட் ஒன்றை என் கையில் வைத்தார். உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை.

"இனி நீயே செய்துகொள். பயமில்லாமல் குடிக்கலாம்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அன்பாகத்தான் சொன்னார்.