பாட்டில்லாத குளியல்

போன சனிக்கிழமை என் மகள் தர்ஷினி சிங்கப்பூரிலிருந்து ஈப்போவுக்கு வந்தாள். அங்கே வேலை, வாடகை அறை வாசம். தீபாவளிக்குப் பிறகு இப்போதுதான் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கிறாள். பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் மீன் குழம்பை அடுப்பில் ஏற்றினேன்.

குழம்பு கொதிப்பதற்குள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

இதிலென்ன அதிசயம் என்கிறீர்களா? இவள் குளிக்கப் போனால் ஷவர் கொட்டும், ஹீட்டர் ஓடும், கச்சேரி நடக்கும். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பொதுக்குழாயில் வரிசை பிடித்து வளர்ந்தவள் நான்... பொறுப்பேனா? ஹீட்டர் சுவிட்ச் வெளியேதானே இருக்கிறது. பட்டென்று அணைத்துவிடுவேன். சோப்புப் போடும்போது குழாயை மூடடி என்று தொண்டை வற்றக் கத்துவேன். அவள் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவாள்.

"அதுக்குள்ள குளிச்சாச்சா? ஹீட்டர்கூட போடலையே?" என்றேன்.

"பழகிப்போச்சும்மா. அங்க ரூம்ல ஹீட்டர் இல்ல லா. கொஞ்சம் லேட்டானா வீட்டுக்கார ஆன்ட்டி கதவ தட்டிரும். ஒரு வாளித் தண்ணிதான்."

"பாட்டு?"

"பக்கத்து ரூம் அக்காவுக்கு நைட் ஷிஃப்ட். பகல்ல தூங்குவாங்க. பாடினா அவ்வளவுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் நான் கேட்ட பிள்ளை இதுதானே? தண்ணீர் மிச்சம், கரண்ட் மிச்சம். சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் அந்த வீணாய்ப்போன கச்சேரிக்காக மனசு ஏங்கிக் கிடந்தது. வீட்டில் மகள் இருக்கிறாள், அவள் சத்தம் இல்லை.

ஞாயிறு மத்தியானம் பஸ். அவள் துண்டை எடுத்ததும் நானே போய் ஹீட்டரைப் போட்டேன்.

"மெதுவா குளிம்மா. பாடு."

"யாரு, எங்கம்மாவா பேசுறது?" என்றாள். "தண்ணி வீணாகும்மா."

"ஆனா ஆகட்டும் லா."

அவள் ஹீட்டரை அணைத்துவிட்டு உள்ளே போனாள். அதே அவசரக் குளியல். தண்ணீர்ச் சத்தம் நின்றது. சரி, வந்துவிடுவாள் என்று திரும்பினேன்.

கதவு திறக்கவில்லை. குழாயை மூடிவிட்டு, ஈரத்தோடு நின்று, பாட ஆரம்பித்தாள்... பல்லவி, சரணம், ஒன்றும் விடாமல். அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

தண்ணீர் போதும், கரண்ட் போதும்... பஸ்ஸுக்கு இருந்த நேரம்தான் போதவில்லை.