பதில் பேச முடியாதவர்களுக்கான இங்கிலீஷ்

எங்கள் பெரியப்பா இங்கிலீஷ் தெரியாதவர்களிடம் மட்டும்தான் இங்கிலீஷ் பேசுவார். தெரிந்தவர் யாராவது எதிரே வந்துவிட்டால் அவருக்கு அருமையான தமிழ் வந்துவிடும். புதுக்கோட்டை சமஸ்தானத்து ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா வேலை. அங்கே மேலதிகாரி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று "எஸ் சார்" என்பதற்கு மேல் அவர் வாய் திறந்ததில்லை என்று அவரோடு வேலை பார்த்தவரே எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்திருக்கிறார். பேசாமல் மிச்சம் பிடித்த இங்கிலீஷையெல்லாம் சாயங்காலம் திருக்கோகர்ணத்து வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் தலையில் கொட்டுவார்.

சாப்பிட்டு எழுந்ததும் எச்சில் இலையைக் காட்டி என் ஆத்தாவிடம் "டேக் இட் அவே" என்பார். மாட்டுக்காரனிடம் "ட்ரைவ் ஹெர் அவுட்". வாசலில் யாராவது உதவி கேட்டு வந்து நின்றால் "ஸெண்ட் ஹிம் அவே". அவருடைய இங்கிலீஷ் மொத்தமும் இவ்வளவுதான். முன்னால் ஒரு வெர்ப், நடுவில் ஒரு ப்ரோனவுன், கடைசியில் ஒரு அட்வெர்ப். எல்லாம் ஏவல். அந்த இங்கிலீஷில் எங்கள் ஒருவருக்கும் பெயர் கிடையாது. மாட்டுக்காரன் 'ஹிம்'. ஆத்தா 'ஹெர்', நான் 'ஹெர்', பசுமாடும் 'ஹெர்'.

என் அப்பா நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். ஆத்தாவும் நானும் பெரியப்பா வீட்டில் ஒண்டிக்கொண்டோம். ஆத்தா அங்கே சம்பளம் இல்லாத வேலைக்காரி, வேறென்ன சொல்ல. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படித்தேன். பங்குனியில் கடைசிப் பரீட்சை. அதில் தேறினால் டிரெயினிங் போகலாம், டீச்சராகலாம், ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டே கிளம்பிவிடலாம். ராத்திரி பகல் எனக்கு வேறு நினைப்பு இல்லை.

அந்த வருஷம் திடீரென்று பெரியப்பாவுக்கு என் படிப்பின் மேல் அக்கறை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை எதிரே நிற்க வைத்துக்கொண்டு பாடம் நடத்துவார்.

"சாமான் பேரைச் சொன்னா 'டேக் அவே த ப்ளேட்'டுன்னும் சொல்லலாம், 'டேக் த ப்ளேட் அவே'ன்னும் சொல்லலாம். ஆனா 'இட்'டுன்னு வந்தா அது நடுவுலதான் ஒக்காரணும். 'டேக் அவே இட்'டுன்னு சொன்னியோ, வெள்ளைக்காரன் சிரிப்பான்."

எந்த வெள்ளைக்காரனிடம் இவர் பேசினார், அவன் எப்போது சிரித்தான், கடவுளுக்கே வெளிச்சம். இதெல்லாம் எங்கள் டீச்சரம்மா எப்போதோ சொல்லிக்கொடுத்து முடித்த பாடம். இருந்தாலும் புதிதாகக் கேட்பவள் மாதிரி தலையை ஆட்டினேன். 'இட்' கொஞ்சம் இடம் மாறினாலும் ஸ்கேல் என் விரல் முட்டியில் விழும். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்த வீட்டுக்கு அவர்தான் இங்கிலீஷ்.

பரீட்சைக்காகத்தான் சொல்லித்தருகிறார் என்று நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். தை மாதத்தில் விஷயம் வெளியே வந்தது. அறந்தாங்கியில் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பையனுக்கு இங்கிலீஷ் தெரிந்த பெண்தான் வேண்டுமாம். மாசியில் கல்யாணம் வைத்துக்கொள்வதாகப் பேச்சு.

"பரீட்சை மட்டும் எழுதிட்டுப் போறேன், பெரியப்பா," என்றேன்.

"இங்கிலீஷ்தான் வந்துருச்சே, இன்னும் பரீட்சை எதுக்கு? சோறு வெந்த பொறவும் அடுப்பை எரிப்பாங்களா?" என்றவர், ஆத்தா பக்கம் திரும்பி, "டேக் ஹெர் இன்" என்றார்.

ஆத்தாவுக்கு அர்த்தம் தெரியாது. தொனி தெரியும். என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அடுப்படியில் என் முகத்தைப் பார்க்காமலே அழுதாள்.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார். கூட அவருடைய அப்பா. மற்ற வீடுகளில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் பெரியப்பா காப்பி டம்ளரை என் முன்னால் நகர்த்தி வைத்து, "இதை வச்சு நாலு வாக்கியம் சொல்லும்மா," என்றார். அந்த 'அம்மா' அன்றைக்கென்று வாங்கி வந்தது.

சரியாகச் சொன்னால் கல்யாணம் நிச்சயம். ஆகவே தலைகீழாகச் சொன்னேன். "அவே டேக் இட். இட் டவுன் புட். இன் ஹிம் ப்ரிங்." சந்தியாவந்தனம் சொல்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

மாப்பிள்ளை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "வெரி குட்" என்றார்.

அவர் அப்பா, "தண்ணியா வருதேங்க," என்று வியந்தார்.

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவருக்கு வேர்த்திருந்தது. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "சபாஷ்" என்றார். என் விரல் முட்டியெல்லாம் வீங்க வீங்க அடித்த மனுஷன்.

"நான் சொன்னது அம்புட்டும் தப்புங்க," என்றேன் மாப்பிள்ளையின் அப்பாவிடம். "வேணும்னேதான் மாத்திச் சொன்னேன். ஒங்க மகனுக்கு அது தெரியலை. பெரியப்பாவுக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டேங்கிறாங்க. எனக்குப் பரீட்சை எழுதணும்ங்க."

மாப்பிள்ளை கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பெரியப்பா என்னை அடிக்க எழுந்தேவிட்டார். எல்லாம் கெட்டது, பரீட்சை பிழைத்தது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

மாப்பிள்ளையின் அப்பா பெரியப்பாவைக் கையமர்த்தினார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே பேசினார்.

"ஒக்காருங்க. இங்கிலீஷு கேட்டது என் மகன். அவனுக்கு எம்புட்டுத் தெரியும்னு இப்பத்தானே தெரியுது. நான் கடைக்காரன். வாயில பொய் நிக்காத பொண்ணை இன்னைக்குத்தான் பாக்குறேன். இது கையில வீட்டுச் சாவியைக் கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம். மாசியிலயே வச்சுக்குவோம்."

நாள் குறித்துவிட்டுத்தான் எழுந்து போனார்கள்.

பங்குனியில் என்னோடு படித்த பெண்கள் பரீட்சை எழுதப் போன அன்று, நான் அறந்தாங்கியில் மாமனார் கொடுத்த சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அரிசி அளந்துகொண்டிருந்தேன். ஆத்தா பெரியப்பா வீட்டிலேயே இருந்தாள். அங்கேயே செத்தாள்.