மூன்று மருமகள்களும் ஒரு முழங்காலும்

விழுப்புரத்தில் குடியிருந்து, திண்டிவனத்து எலும்பு மருத்துவமனை ஒன்றுக்குப் பதினெட்டு ஆண்டுகளாகப் போய்வரும் இயன்முறைச் சிகிச்சையாளர் கலையரசிக்கு நாள் குறிக்கும் பழக்கம் உண்டு. மூட்டு மாற்றிக்கொண்டவர் எத்தனை வாரத்தில் வாக்கரை விட்டுத் தடிக்கு வருவார் என்பதை மூன்றாம் நாளே சொல்லிவிடுவார். பெரும்பாலும் பிசகாது.

மருத்துவர் சித்தார்த்தனும் நாள் குறிப்பவரே. வயது, எடை, சர்க்கரை, கால் மடங்கும் கோணம் எல்லாவற்றையும் கணினியில் இட்டு அவர் விடை காண்பார். கலையரசியோ கட்டிலைச் சுற்றி நிற்கும் உறவினரை எண்ணுவார். ஆள் கூடக் கூட வாரமும் கூடும். தன்னந்தனியாக வந்த சுண்டல்கார அம்மாள் ஒருவர், ஐந்தே வாரத்தில் தாமாகப் பேருந்துப் படி ஏறியதைக் கண்டபின் அவருக்குப் பிடிபட்ட கணக்கு அது.

காணையிலிருந்து வந்த அப்பாதுரைக்கு அறுபத்தாறு வயது. ஒல்லியான உடம்பு, சர்க்கரை கிடையாது. மூட்டு மாற்றிய ஏழாம் வாரம் அவருடைய கரும்புக்கு வெட்டாட்கள் வர இருந்தார்கள். முந்தைய ஆண்டு வலி தாளாமல் வீட்டில் முடங்கி, தம் கழனியின் வெட்டை மகனின் கைப்பேசியில் பார்க்க நேர்ந்தது. இந்த முறை வரப்பில் தாமே நின்றாக வேண்டும். அதற்காகவே கத்திக்கு இசைந்திருந்தார்.

கணினி ஆறு வாரம் என்றது. கலையரசி கட்டிலைப் பார்த்தார். ஒரு மருமகள் கஞ்சி ஆற்றினாள், ஒருத்தி நல்ல காலைப் பிடித்துவிட்டாள், இன்னொருத்தி விசிறினாள். பத்து வாரம் என்றார் கலையரசி. அப்பாதுரையின் முகம் சுண்டிப்போயிற்று.

மூன்றாம் வாரம் வீட்டுக்கே போய்ப் பார்த்தபோது கால் அறுபது பாகைக்கு மேல் மடங்கவில்லை. கட்டில் சட்டத்தில் அழைப்பு மணி. முழங்காலுக்கு அடியில் இலவம்பஞ்சுத் தலையணை.

"பாத்ரூம் போறதுக்குத் தவிர மாமாவ எழுந்திரிக்கவே உடல மேடம். அப்டி பாத்துக்கினு இருக்கோம்" என்றாள் மூத்த மருமகள் கவிதா, பெருமை பொங்க.

கலையரசி தலையணையை உருவினார். "இவங்க மூணு பேரும் பக்கத்துல இருக்கறவரைக்கும் பத்து வாரந்தாங்க ஐயா. கொறைக்கறது உங்க கையிலதான் இருக்கு."

அப்பாதுரை சன்னல் வழியே கரும்பைப் பார்த்தார்.

"ஏம்மா கவிதா, உங்க அம்மா ஊட்டுக்குப் போயி எவ்ளோ நாளாவுது?"

மூன்று மருமகள்களும் ஒரே நாளில் தாய்வீடு புறப்பட்டது அக்குடும்பத்தில் அதுவே முதல் முறை. முகையூருக்கு ஒருத்தி, கூட்டேரிப்பட்டுக்கு ஒருத்தி, விழுப்புரத்துக்கு ஒருத்தி. மாமனார் மனம் மாறிவிடுவாரோ என்று பயந்தவர்களைப்போல மூவரும் விடியற்காலைப் பேருந்தையே பிடித்தார்கள். மகன்கள் கூப்பிடு தூரத்தில் மட்டும் இருந்தார்கள். கலையரசியின் கட்டளை அப்படி.

தேநீர் வேண்டுமென்றால் அப்பாதுரை தாமே எழுந்தாக வேண்டும். முதல் நாள் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவர், மறுபடி அடுப்படியை அடைவதற்குள் பால் பொங்கி வழிந்திருந்தது. மூன்றாம் நாள் வழியவில்லை. நாற்காலியில் அமர்ந்து குதிகாலைப் பின்னிழுக்கும் பயிற்சியில் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். எழுபத்தைந்து பாகை, தொண்ணூறு, நூற்றைந்து. மருமகள்கள் இரண்டு வாரம் கழித்துத் திரும்பியபோது, வாசல்படி இறங்கி வந்து வரவேற்றார்.

வெட்டு நாளன்று கலையரசி ஸ்கூட்டரில் காணைக்கு வந்தார். அப்பாதுரை தடியை ஊன்றி வரப்பில் ஒவ்வோர் அடியாக நடந்து, வெட்டாட்களின் மேஸ்திரியிடம் எந்த மூலையில் தொடங்குவது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"பத்து வாரம்னீங்களேம்மா?"

"தப்பாத்தாங்க சொல்லிட்டேன்" என்றார் கலையரசி. கணக்கில் தோற்றதற்கு இவ்வளவு மகிழ்ச்சி வரும் என்று அவர் நினைத்ததில்லை.

அதற்குள் கவிதா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாமனாரை நோக்கி ஓடிவந்தாள். கலையரசி குறுக்கே புகுந்து அதை வாங்கிப் போட்டு, தாம் உட்கார்ந்துகொண்டு, மேஸ்திரி நீட்டிய கரும்பைக் கடிக்கத் தொடங்கினார்.