ஏரோப்ளேனுக்கு வெச்ச பொட்டு

காலை ஆறரை மணிக்குக் காக்களூரில் ஷெட்டைப் பூட்டாமலே கிளம்பினோம். உள்ளே என் மகன் சேகர் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். கிளம்பினது நானும் என் மருமகள் நிர்மலாவும். போகவேண்டிய இடம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை. ஐம்பது கிலோமீட்டருக்கு மேலே.

ஷெட்டு என் பேரில் இருக்கிறது. ஓனர் நேரில் வரணும் என்று அங்கே ஏரோப்ளேன் சாமான் வாங்கி அனுப்புகிற கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நாற்று நட்டவள், அப்புறம் போல்ட் கம்பெனியில் பெருக்கினவள், இன்றைக்கு ஓனர். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

நிர்மலா மடியில் ஒரு டப்பா. அதற்குள் மூன்று பிராக்கெட், ஒவ்வொன்றும் தனித்தனிக் கவரில். அலுமினியம்; உள்ளங்கை அகலம். ஏரோப்ளேன் உள்ளே ஒயரைப் பிடித்துக்கொள்கிற சாமானாம். இதுவரைக்கும் நாங்கள் பம்புக்கும் டிராக்டருக்கும்தான் செய்தோம். இந்த மூன்றும் தேறினால் ஆர்டர். தேறாவிட்டால் இரண்டாவது மிஷினுக்கு வேலை கிடையாது, சேகர் பழையபடி இன்னொருத்தர் கம்பெனிக்கு ஷிப்டு போகணும்.

திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் நாஷ்டா முடித்துக்கொண்டு பெரியபாளையம் பஸ் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். ஜன்னலோரம் கிடைத்தது. தாமரைப்பாக்கம் தாண்டினதும் வயலும் செங்கல் சூளையும் மாறி மாறி வந்தன.

"ஏன்டி, அவ்ளோ பெரிய ஏரோப்ளேன் கம்பெனிக்காரன் காக்களூரைத் தேடிக்கினு ஏன் வர்றான்?" என்று கேட்டேன்.

"ஒலகத்துல பெரிய ப்ளேன் பண்றது முக்கியமா ரெண்டு கம்பெனி தான் அத்தே. புதுசா ஒண்ணு பண்ணணும்னா பத்து வருஷம் ஆவும். அதுக்குள்ள எதிராளி வித்துத் தீத்துடுவான். அதனால ஒருத்தன் இருக்கிற ப்ளேனுக்கே எண்ணெய் கம்மியா குடிக்கிற இன்ஜினை மாட்டினான். பாத்துக்கினே இருந்த அடுத்தவனும் மாட்டினான். இப்ப ரெண்டு பேருக்கும் வருஷக்கணக்குல ஆர்டர் கீது. சாமான் தான் வரல. எவனுக்குச் சாமான் சீக்கிரம் வருதோ அவன் கெலிப்பான்."

"கும்மிடிப்பூண்டிக்காரங்க எவன் கட்சி?"

"ரெண்டு பேருக்கும் குடுக்கறாங்க. சண்டை விக்கிற எடத்துல தான் அத்தே. ஸ்க்ரூ அளவு, சாமானோட வரலாறு எழுதற விதி, இதெல்லாம் கூடிப் பேசி ஒண்ணா வெச்சிருக்காங்க. என் வேலையிலயும் அப்டி தான். பிரௌசர் பண்ற கம்பெனிங்க ஒருத்தனை ஒருத்தன் முழுங்கப் பாப்பானுங்க. ஆனா வெப் பக்கம் எப்டி தொறக்கணும்னு ஒரே விதி தான்."

"பரவாயில்லையே. நம்ம மார்க்கெட்டு பூக்காரி ரெண்டு பேருக்கும் முழமே வேற வேற."

நிர்மலா சிரித்தாள். அவள் வீட்டிலிருந்தே வெப் பக்கம் செய்கிறவள். எங்கள் பிராக்கெட் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் செய்திருந்தாள். எந்தத் தகட்டில் வெட்டினது, யார் தொட்டது, எல்லாம் அதில் இருக்கும். கண் தெரியாதவர்களுக்கு அது வாசித்துக் காட்டணும், டைப் அடிக்க வராதவர்களுக்குப் பேச வழி இருக்கணும் என்பதும் விதியாம். ஒரு மாசமாக என்னை உட்கார வைத்து அமுக்கச் சொல்லித்தான் சோதித்தாள். நான் தடுமாறின இடத்தையெல்லாம் மாற்றினாள்.

எட்டு மணிக்குப் பெரியபாளையம். அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு நிர்மலா பாத்ரூம் தேடிப் போனாள். அம்மன் கோயில் கூப்பிடு தூரம். வேப்பிலை வாசனை ரோடு வரைக்கும் வருகிறது. நான் டப்பாவோடு போய்க் கும்பிட்டு வந்தேன்.

அடுத்த பஸ் பக்கத்து ஊரான ஆரணியை நெருங்கும்போது நிர்மலா என் கையைப் பார்த்தாள்.

"அத்தே, கட்டைவெரல் இன்னா செவப்பா கீது?"

"அம்மா குங்குமம்."

"நெத்திக்கு மோதிர வெரல்ல தானே வெப்பீங்க?"

"டப்பாக்கு வெச்சேன்."

"டப்பா மேலயா?"

"உள்ள."

"கவரைப் பிரிச்சீங்களா?"

"பிரிக்காம எப்டிடி வெக்கிறது?"

புது வண்டியோ புது மிஷினோ, பொட்டு வைக்காமல் நாங்கள் எதையும் தொட்டதில்லை. ஆகாயத்தில் போகிற சாமானுக்கு வைக்காமல் விடுவேனா?

டப்பாவைத் திறந்து பார்த்தாள். மூன்றிலும் நடுவில் லட்சணமாக என் கட்டைவிரல் அளவுக்குப் பொட்டு. ஆரணி தாண்டி, ஆற்று மணல் தாண்டி, கவரைப்பேட்டை வருகிறவரைக்கும் போனில் எதையோ தேடிப் படித்துக்கொண்டே வந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"வேர்வைக் கையே படக்கூடாது அத்தே. குங்குமத்துல சுண்ணாம்பு கீது. அலுமினியத்தை அரிக்கும்."

கட்டைவிரலை முந்தானையில் அழுத்தித் துடைத்தேன்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம், ஆளுக்கு இருபது ரூபாய். இரும்பு உருக்குகிற வாசனை, லாரி வரிசை, இந்தியில் போர்டு வைத்த டீக்கடைகள். நாங்கள் பேசினதைக் கேட்ட டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"தொடச்சி உட்ருங்கம்மா. மேல பறக்கசொல்ல எவன் வந்து பாக்கப் போறான்?"

"உன் ஆட்டோ நின்னுபோனா ஓரம் கட்டுவே நைனா. அது எங்க ஓரம் கட்டும்?" என்றேன். அவர் ஹாரன் அடித்தார்.

கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமர நிழலில் நின்றோம். நிர்மலா பையில் ஸ்பிரிட் பாட்டிலும் துணியும் இருந்தன.

"தொடச்சா பளபளன்னு ஆயிடும் அத்தே. தெரியாது." அவள் கண் கலங்கியிருந்தது.

"யார் தொட்டாலும் வெப் பக்கத்துல எழுதணும்னு நீ தானே சொன்னே?"

"எழுதினா ஆர்டர் போச்சு. உங்க பேரை நான் எழுதமாட்டேன்."

"அப்ப போனைக் குடு. வெச்சது நானு."

மைக் படம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அமுக்கினேன். "காக்களூர் கன்னியம்மா பேசறேன். மூணு பிராக்கெட்டுக்கும் பெரியபாளையத்தம்மா குங்குமம் வெச்சேன். வெறுங்கையால. மருமவளுக்குத் தெரியாது."

பத்தரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். பரிசோதிக்கிற அம்மா பேர் ஷீலா. கம்ப்யூட்டரில் எங்கள் வெப் பக்கத்தைத் திறந்து மைக் படத்தை அமுக்கினார். என் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு மூன்றையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். சிவப்புச் சீட்டு ஒட்டினார்.

"இது ஆகாதும்மா. குப்பைக்குத்தான்."

"சரிம்மா," என்றேன். காலி டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இருங்க, ஒண்ணு காட்றேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷின்கள். ஒவ்வொன்றின் கதவிலும் மஞ்சள் பெயின்டில் ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் காய்ந்த குங்குமம்.

"எங்க ஆளுங்களும் பொட்டு வைக்காதேன்னா கேக்கமாட்டாங்க. அதனால கட்டம் போட்டுட்டோம். உள்ள வெச்சிக்கலாம், வெளிய ஒரு துளி விழக்கூடாது." பிறகு நிர்மலாவைப் பார்த்தார். "உங்க வெப் பக்கம் எங்க கிட்ட வாங்கற ரெண்டு ப்ளேன் கம்பெனியிலயும் அப்படியே திறக்குது. வியாழக்கிழமை வேற மூணு கொண்டாங்க. பார்க்கலாம்."

உச்சி வெயிலில் திரும்பினோம். பெரியபாளையத்தில் பஸ் மாறும்போது, நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டதோடு சரி. நிர்மலா என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பாசமா, காவலா தெரியவில்லை.

ஷெட்டுக்கு வந்ததும் சேகரிடம் முழுக்கச் சொன்னேன். கோபித்துக்கொள்வான் என்று பார்த்தேன். "நீயே சொன்னியா, அவங்களா கண்டுபுடிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டான். சொன்னேன் என்றதும் பெயின்ட் டப்பாவைத் தேடினான். எங்கள் மிஷின் இரண்டுக்கும் இப்போது மஞ்சள் கட்டம் இருக்கிறது.

வியாழக்கிழமை நிர்மலா தனியாகப் போனாள். பஸ் வேண்டாம் என்று நானே திருவள்ளூர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டேன். செவ்வாப்பேட்டை, ஆவடி என்று சென்னைக்குப் போய், வண்டி மாறி மறுபடி வடக்கே வரணும். பெரிய சுற்று. ஆனால் வழியில் பெரியபாளையம் கிடையாது.

"நீங்களும் வாங்களேன் அத்தே."

"என் வெரலை நானே நம்பல. நீ போ."

சாயந்தரம் நிர்மலா திரும்பி வந்ததும் போனில் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். புது மூன்றுக்கும் பச்சை. அதற்குக் கீழே பழைய மூன்று, சிவப்பாகவே இருந்தன. பக்கத்தில் சின்ன மைக் படம்.

"அதை அழிச்சிடலாமா?" என்றான் சேகர்.

"அழிக்க முடியாதமாரி தான் பண்ணி வெச்சிருக்கேன்," என்றாள் நிர்மலா.

நான் அமுக்கிப் பார்த்தேன். காக்களூர் கன்னியம்மா பேசறேன் என்று வந்தது. அந்த இரண்டு கம்பெனிக்காரர்களில் எவன் எந்த நாட்டில் உட்கார்ந்து அமுக்கினாலும் இதே குரல்தான் வருமாம். ஒரு தடவைக்கு இரண்டு தடவை அமுக்கிக் கேட்டுவிட்டு, அடுப்பில் சோறு வைக்க எழுந்தேன்.