சன்னலோரக் கட்டிலும் என் சின்னப் பையும்

விடுதி மாணவியின் தொழில் படிப்பது என்று நம்புகிறவர்கள், சனிக்கிழமை மதியம் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் எங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் தொழில் பை தூக்குவது. அந்தத் தொழிலைச் சீர்திருத்தக் கிளம்பிய என் கதையை, தோள் கன்றிப்போன சக சுமைதாரர்கள் அனுதாபத்தோடு படிக்க வேண்டும்.

பந்தயம்

தொண்ணூறுகளில் பர்கூரில் பொறியியல் படித்தபோது என் அறைத்தோழி மும்தாஜ். இருவருக்கும் ஊர் கெலமங்கலம். அவளுடைய அத்தா புளி வியாபாரி. கல்யாணச் சீர் கொண்டுபோவதுபோல ஒரு பெரிய ரெக்சின் பையோடுதான் அவள் வாரக்கடைசிக்கு வீட்டுக்குக் கிளம்புவாள். இரண்டு நாளுக்கு இவ்வளவு எதற்கு, தேவையில்லாததைச் சுமப்பது சமூகம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த அடிமைத்தனம் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் முழங்கினேன். எல்லோருடைய ரசமும் ஆறிப்போயிற்று.

முழங்கியதோடு விட்டேனா? அந்த அரையாண்டுப் பருவம் முடியும்வரை முதுகில் மாட்டும் ஒரே ஒரு சின்னப் பையோடு போய்வருகிறேன் என்று பந்தயம் கட்டினேன். ஜெயித்தால், அறையில் காற்று வரும் ஒரே இடமான அவளுடைய சன்னலோரக் கட்டில் எனக்கு. தோற்றால் இதுபற்றி இனி வாய் திறக்கக் கூடாது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிய கவலை. மும்தாஜ் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாள்: “காத்து வேணும்னா கேட்டா குடுத்துட்டுப் போறேன். அதுக்கு எதுக்குடி சமூகத்த இழுக்கற?”

காலி மடி

முதல் சனிக்கிழமை. பையில் அடங்காத குடையை மட்டும், சும்மா கொஞ்ச நேரத்துக்கு, மும்தாஜ் பையில் செருகிவிட்டுப் பேருந்தில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன். மடியில் பாரமில்லாமல் உட்கார்ந்ததுதான் தப்பு. நம் பேருந்துகளில் உட்கார்ந்திருப்பவர் மடி பொதுச்சொத்து. நின்றிருந்த ஓர் அக்கா தக்காளிக் கூடையை வைத்தார். இன்னொருவர் தெலுங்கில் ஏதோ சொல்லிக் குழந்தையை நீட்டினார். நான் தமிழில் தனிமனித உரிமை பற்றிப் பேசினேன். குழந்தைக்கு இரண்டிலும் அக்கறையில்லை; என் துப்பட்டாவைச் சப்பியபடி தூங்கிவிட்டது. பக்கத்தில் மும்தாஜ் தன் பெரிய பையைக் கட்டிக்கொண்டு வெளியே மாந்தோப்பை ரசித்தாள்.

உத்தனப்பள்ளியில் கூடையை வாங்கிக்கொண்டு அந்த அக்கா வாழ்த்தினார்: “நல்லா இரு பாப்பா. உன் பக்கத்துல இருக்குதே, அந்தப் பொண்ணு மடியில ஒரு எலுமிச்சங்கா வெக்க எடமிருக்குதா?”

ரெண்டு சுடிதார்

மார்கழியில் கெலமங்கலத்துக் குளிர் எலும்பைத் தொடும். திங்கள் விடியலில் அம்மா மாற்றுத் துணியையும் ஸ்வெட்டரையும் நீட்ட, சின்னப் பை திணறியது. சுமப்பதுதான் குற்றம், உடுத்துவது குற்றமில்லை என்று வாதாடி, ஒரு சுடிதார்மேல் இன்னொரு சுடிதார், அதன்மேல் ஸ்வெட்டர் என்று கிளம்பினேன். பருப்புப்பொடி டப்பாவை அம்மா என்னிடம் நீட்டவேயில்லை. என்னைக் கூப்பிட வந்திருந்த மும்தாஜிடம் நேராகக் கொடுத்துவிட்டாள்.

ராயக்கோட்டை தாண்டி பேருந்து இறங்க இறங்க வெயில் ஏறியது. ஸ்வெட்டரைக் கழற்றினால் கையில் பிடிக்க வேண்டும்; பிடித்தால் பந்தயம் போச்சு. கொள்கையோடு வெந்தேன். கிருஷ்ணகிரியில் தள்ளாடி எழுந்தபோது நடத்துநர் கூட்டத்தை விலக்கினார்: “கொஞ்சம் வழி விடுங்கப்பா, பாப்பாவுக்கு ஜொரம்.”

தீர்ப்பு

பருவத்தின் கடைசிப் பயணம் முடிந்து அறைக்குள் நுழைந்தோம். பக்கத்து அறைக்காரிகள் எல்லாம் தீர்ப்புப் பார்க்கக் கூடியிருந்தார்கள். சின்னப் பையைக் கழற்றி உயர்த்திக் காட்டினேன். கைதட்டினார்கள். சிறிய உரையொன்று தயாராக வைத்திருந்தேன், தொடங்கவும் செய்தேன்.

மும்தாஜ் அதற்குள் தன் பையைத் திறந்து ஒவ்வொன்றாகக் கட்டிலில் வைத்தாள். என் குடை. என் துண்டு. அந்த ஜொரத்துக்குப் பிறகு இடம் மாறிய என் ஸ்வெட்டர். அம்மாவின் பொடி டப்பா. பை வாயில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்த, வரைபட வகுப்புக்கான என் டி-ஸ்கொயர். உரை பாதியில் நின்றது. அவளோ தன் தலையணையை எடுத்துக்கொண்டு கேட்டாள்: “கட்டில் உன்னுதுதான்டி. ஆனா இதெல்லாம் எங்க வெக்கறது, அத மட்டும் சொல்லு.”

பந்தயத்தின் விதிப்படி ஜெயித்தவள் நான்தான் என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. படிப்பு முடியும்வரை சன்னலோரத்தில் படுத்தவள் மட்டும் மும்தாஜ்.